சர்வர் பெட்டியை ஏற்றிப் போகும் முன்

அனுப்புநர்:
திருமதி மங்களம் வேலாயுதம்,
பெட்டிர் சாலை, புக்கிட் பாஞ்சாங்,
சிங்கப்பூர்.

பெறுநர்:
உயர்திரு சேதுபதி அவர்கள்,
தலைவர், நிழற்குடை முதியோர் நலச் சங்கம்,
டன்லப் தெரு, லிட்டில் இந்தியா,
சிங்கப்பூர்.

(இந்த மனு சங்க அலுவலகத்தில் கொடுக்கப்படாமல், தங்கள் துணிக்கடையில் தங்கள் கையிலேயே கொடுக்கப்படுகிறது. அலுவலகத்துக்கு வரும் கடிதங்களை மேலாளர் திரு. சரத் பிரிப்பார் என்பதே காரணம்.)

பொருள்: சர்வர் பெட்டியில் யூஎஸ்பி இணைப்பு விட்டு விட்டு அறுவதற்கு என் பேத்தி சிவானியே காரணம் என்று சுமத்திய பழியை நீக்கக் கோருதல், திங்கட்கிழமை அந்தப் பெட்டியை ஏற்றிப் போகும் முன் தாங்களே நேரில் பார்க்க வேண்டுதல்.

பெருமதிப்பிற்குரிய தலைவர் ஐயா,

வணக்கம். வியாழக்கிழமை மாலை வந்த அதிர்ச்சி இன்று சனிக்கிழமை வரை இறங்கவில்லை. சோறு தொண்டையில் இறங்கினால் அல்லவா அது இறங்கும். இருந்தாலும் மரியாதை குறையாமல் எழுத முயல்கிறேன். எங்காவது சொல் தடித்துவிட்டால் பெரிய மனது பண்ணிப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. நான் தங்கள் சங்கத்தில் கணினிப் பராமரிப்பு வேலை பார்க்கும் சிவானியின் பாட்டி. அவளுடைய அப்பா அம்மா இருவருக்கும் ஜூரோங்கில் ஷிப்ட் வேலை என்பதால் என் கையில் வளர்ந்த பிள்ளை. பாலிடெக்னிக் முடித்ததும் முதல் வேலை தங்களிடம்தான். ஒப்பந்த வேலை, ஆண்டு முடிவில் நிரந்தரம் ஆகும் என்று தாங்களே சொன்னீர்கள். அதை எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே உட்காரும் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டேன். சொன்னதற்காக நான் வெட்கப்படவில்லை, இப்போதும்.

2. வியாழக்கிழமை அவள் சீக்கிரமே வீட்டுக்கு வந்தாள். கழுத்தில் எப்போதும் தொங்கும் அட்டை இல்லை. "அட்டை எங்கடி?" என்றேன். "வாங்கி வச்சுக்கிட்டாங்க பாட்டி" என்றாள். கையில் ஒரு உறை. ஆங்கிலக் கடிதம். "நான் படிச்சுச் சொல்றேன்" என்று ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மீதியை எதிர்வீட்டு வைஷாலிதான் வாசித்துச் சொன்னாள்.

சர்வரில் சொருகியிருக்கும் யூஎஸ்பி சாவியைச் சிவானி வேண்டுமென்றே பிடுங்கிவிட்டு, பிறகு தானே சரிசெய்ததுபோல் காட்டி, தான் இல்லாமல் சங்கம் நடக்காது என்று நம்பவைத்து, வேலையை நிரந்தரமாக்கப் பார்த்தாளாம். ஏழு நாளில் விளக்கம் கொடுக்க வேண்டுமாம். அதுவரை அவள் சங்கத்துக்குள் கால் வைக்கக் கூடாதாம்.

வைஷாலியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். இரண்டாவது தடவையும் அதேதான் வந்தது.

3. ஐயா, எனக்குக் கணினி தெரியாது. ஆனால் இந்தக் கோளாறை நான் ஒரு மாதத்துக்கு மேலாகச் சாப்பாட்டு மேசையில் கேட்டு வருகிறேன். அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் கீழே எழுதுகிறேன்.

வெளியே நடமாட முடியாத முதியவர்களுக்கு யாருக்கு என்ன சாப்பாடு, யாருக்குச் சர்க்கரை, யாருக்கு உப்பு ஆகாது, எந்த வீடு என்ற விவரமெல்லாம் அந்தச் சர்வர் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டியின் பின்பக்கம் கட்டைவிரல் அளவுக்கு ஒரு யூஎஸ்பி சாவி சொருகியிருக்கிறது. அது சொருகியிருந்தால்தான் மென்பொருள் வேலை செய்யும். சாவியில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரியும். அந்த விளக்கு அணைந்தால், சாவியை யாரோ எடுத்துவிட்டார்கள் என்று பெட்டி நினைத்துக்கொண்டு, பட்டியலைத் தராமல் மூடிக்கொள்ளும். அக்டோபர் நடுவிலிருந்து அந்த விளக்கு விட்டு விட்டு அணைய ஆரம்பித்தது. சாவி சொருகின இடத்திலேயே இருக்கும், யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் விளக்கு அணையும். கொஞ்ச நேரத்தில் தானாகவே எரியும்.

4. சிவானி சும்மா இருக்கவில்லை. சாவியை வேறு துளையில் மாற்றிப் பார்த்தாள். நடுவில் இருந்த கேபிளை மாற்றினாள். மென்பொருள் கம்பெனியிடம் கேட்டு வேறு சாவி வாங்கிப் போட்டாள். மின்சாரம் மிச்சம் பிடிக்கப் பெட்டி தானாகவே யூஎஸ்பியைத் தூங்க வைக்குமாம், அந்த அமைப்பையும் நிறுத்தினாள். ஒன்றுக்கும் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் "இன்னிக்குச் சரியாயிடுச்சு பாட்டி" என்பாள். அடுத்த திங்கட்கிழமை காலையில் மறுபடியும் அணைந்திருக்கும்.

பெட்டியை வாடகைக்கு விட்ட கம்பெனி ஆள் ஒரு நாள் மத்தியானம் வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். விளக்கு ஒரு தடவைகூட அணையவில்லை. பெட்டியில் குறை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். திரு. சரத் பத்து மணிக்கு மேல்தான் வருவார். அவர் பார்த்தபோதும் அணையவில்லை. காலையில் முதலில் வந்து அந்த அறையைத் திறப்பவள் சிவானி. அப்போது மட்டும் அணைகிறது. அதனால் அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்: அவள் தனியாக இருக்கும்போது மட்டும்தான் கெடுகிறது, ஆகவே கெடுப்பவள் அவள்தான்.

கேட்பதற்கு நியாயம்போலத்தான் இருக்கிறது. எனக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது. என் பேத்தியைப் பற்றி அப்படி ஒரு நிமிடம் நினைக்க வைத்துவிட்டார்களே என்பதுதான் எனக்கு அந்தக் கடிதத்தைவிடப் பெரிய அதிர்ச்சி.

5. இந்தக் கோளாறால் ஒரு ஜீவன் ஆபத்துக்குப் போய் வந்ததைத் தாங்கள் அறிவீர்கள். பெண்டமியரில் தனியாக இருக்கும் பதுருன்னிசா அம்மாவுக்குச் சர்க்கரை நோய். போன திங்கட்கிழமை பட்டியல் வரவில்லை. வேன் ஓட்டும் முகம்மது யூசுப் தம்பி நினைவில் இருந்த வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அந்த அம்மா அப்போதுதான் வேறு புளோக்குக்கு மாறியிருந்தார். பழைய வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு யூசுப் திரும்பிவிட்டார். இவர் மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பாட்டுக்குக் காத்திருந்து, மயங்கி விழுந்து, பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தார்.

நான் போய்ப் பார்த்தேன். ஊசி குத்திய கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "புள்ளைய ஒண்ணும் ஏசிடாத மங்களம். சின்னப் புள்ள, என்ன செய்யும்? நான்தான் ஒரு பிஸ்கட்டாவது தின்னுருக்கணும்" என்றார். சாகக் கிடந்த மனுஷிக்கு இருந்த அந்த எண்ணம் அலுவலகத்தில் ஒருவருக்கும் இல்லாமல் போனது. கடிதத்தில் பதுருன்னிசா அம்மாவின் பெயரும் இருக்கிறது, ஐயா. அந்த மயக்கத்துக்கும் சிவானியே பொறுப்பு என்று.

6. இனி நான் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை சிவானி தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் கைப்பேசியில் அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. நிறுத்தப் போனபோது திரையில் ஒரு படம் திறந்தே கிடந்தது. ஏதோ சின்னச் சதுர ஓட்டையைப் பெரிதாக்கி எடுத்த படம். ஓட்டைக்குள் மஞ்சளாக ஒரு படிவு, காய்ந்து வெடித்திருந்தது. நடுவில் சிவப்பு. ஓரத்தில் பச்சைக் களிம்பு, புளி போட்டுத் தேய்க்காத குத்துவிளக்கில் வருமே, அதே களிம்பு.

நான் அவளை எழுப்பினேன். "இது யார் வீட்டுப் பூஜைத் தட்டுடி?" என்று கேட்டேன்.

அவள் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். கைப்பேசியைப் பிடுங்கப் பார்த்தாள். நான் கொடுக்கவில்லை. பிறகுதான் அழுதாள். கடிதம் வந்த அன்றுகூட அழாத பிள்ளை.

அந்தப் படத்தை அவள் வியாழக்கிழமை காலை எடுத்திருக்கிறாள். பெட்டியின் பின்பக்கத்தையே ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள், அன்று பெட்டி தன்பாட்டுக்கு எழுதி வைக்கும் குறிப்புகளில் முன்பக்கத் துளையைப் பற்றி ஒரு வரி இருப்பதைக் கண்டு, டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறாள். துடைக்கலாம் என்று பஞ்சு எடுக்கப் போனவளை அதற்குள் மேலாளர் அறைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அட்டையையும் வாங்கிக்கொண்டார்கள்.

முன்பக்கத் துளையில் ஒன்றும் சொருகவில்லை. அது காலியாக இருக்கும் ஓட்டை. அதில் அழுக்கு இருந்தால் பின்னால் இருக்கும் சாவிக்கு என்ன வந்தது என்று நானும் கேட்டேன். அவள் சொன்ன பதில் எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் வீட்டில் குளியலறை ஹீட்டருக்குள் ஈரம் இறங்கியபோது, நான் ஹீட்டரைப் போடவே இல்லை, ஆனாலும் கூடத்து விசிறி முதல் குளிர்பெட்டி வரை எல்லாம் நின்றுபோனது. எலெக்ட்ரிஷியன் வந்து ஹீட்டரைக் கழற்றிய பிறகுதான் வீட்டுக்கு வெளிச்சம் வந்தது. அதேபோல, அந்தத் துளைகளெல்லாம் உள்ளே ஒரே இடத்திலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றனவாம். ஒன்றில் ஈரம் பட்டு மின்சாரம் கசிந்தால் பெட்டி பயந்துபோய் எல்லாவற்றையும் ஒரு கணம் நிறுத்திவிடுமாம்.

காய்ந்த படிவு ஈரத்தை இழுக்கும். மழைக்காலம். அறையின் மறுபக்கம் சமையலறை, விடியலிலிருந்து சோற்று ஆவி. மின்சாரச் சிக்கனம் என்று இரவிலும் சனி ஞாயிறிலும் ஏர்கானை நிறுத்தி வைக்கிறார்கள். சிவானி காலையில் வந்துதான் போடுவாள். பத்து மணிக்குள் அறை காய்ந்துவிடும். அதற்குப் பிறகு யார் வந்து பார்த்தாலும் விளக்கு அழகாக எரியும். அவள் அறையில் இருந்த நேரத்தில் கூடவே ஈரமும் இருந்தது. வேறொன்றும் இல்லை, ஐயா.

7. இந்தப் பத்தியை எப்படி எழுதுவது என்று நேற்று முழுவதும் யோசித்தேன். நேராகவே எழுதுகிறேன்.

ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லித் தாங்கள் அழைத்தீர்கள். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தேன். வேனுக்கு, நகல் எடுக்கும் இயந்திரத்துக்கு, சமையலறையின் பெரிய சோற்றுப் பானைக்கு, எடை பார்க்கும் கருவிக்கு எல்லாம் தாங்களே சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தீர்கள். பார்க்க நிறைவாக இருந்தது. கடைசியில் சர்வர் அறை. "இதான் நம்ம சங்கத்தோட மூளை லா, இதுக்குப் பெரிய பொட்டா வைக்கணும்" என்றீர்கள். எல்லாரும் சிரித்தோம். பெட்டியின் முகப்பில் இரண்டு யூஎஸ்பி துளைகள், கண் இரண்டும்போல இருந்தன. அவற்றுக்கு நடுவே நெற்றி என்று கணக்குப் பண்ணி, தாராளமாகச் சந்தனத்தை அப்பினீர்கள். பன்னீர் அதிகமாகக் கரைத்த சந்தனம். அது நிற்காமல் இடது பக்கமாக வழிந்தது. தாங்கள் கட்டைவிரலால் அதை மேலே ஒதுக்கிவிட்டு, மேலே குங்குமம் வைத்தீர்கள்.

அப்போது சிவானி, "சார், அங்க வேணாம் சார், மேல் தகட்டுல வைங்க" என்று மெதுவாகச் சொன்னாள். திரு. சரத் உடனே, "தலைவர் வைக்கிறப்ப குறுக்கப் பேசாதம்மா" என்றார். அவள் பின்னால் நகர்ந்துகொண்டாள். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் கைதட்டினேன்.

மறுநாள் வெளியே தெரிந்த சந்தனத்தை அவள் துடைத்துவிட்டாள். துளைக்குள் போனது யாருக்கும் தெரியவில்லை.

8. "வியாழக்கிழமை அந்த அறையில உக்காத்தி வச்சுக் கேட்டாங்கல்ல, அப்பவே இந்தப் படத்தைக் காட்டியிருக்கலாமே, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று நான் அவளைத் திட்டினேன்.

அவள் சொன்னது: "என்னன்னு பாட்டி சொல்றது? தலைவர் வச்ச பொட்டாலதான் பதுருன்னிசா அம்மா ஆஸ்பத்திரி போனாங்கன்னா? அவரு எவ்ளோ ஆசையா வச்சாரு. சொன்னா அடுத்த வருஷம் பூஜையே வேணாம்னு நிறுத்திடுவாங்க. எல்லாம் என்னாலன்னு ஆயிடும். வேற வேலை தேடிக்கிறேன், விடுங்க."

தங்கள் பெயருக்கு ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்று, இந்தக் காலத்துப் பிள்ளை, செய்யாத குற்றத்தின் பழியைச் சுமக்கத் தயாராக இருந்திருக்கிறாள். அவள் விடுகிறேன் என்கிறாள். நான் விடுவதாக இல்லை. இந்த மனுவை எழுதுவது அவளுக்குத் தெரியாது. படத்தையும் இதனோடு இணைக்கவில்லை. படத்தை யாரும் எப்படியும் எடுத்திருக்கலாம் என்று பேச்சு வரும்.

பொட்டு வைத்தது தப்பு என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன், ஐயா. எங்கள் வீட்டில் மிக்ஸிக்கு வைக்கிறோம், தையல் மெஷினுக்கும் வைக்கிறோம். தையல் மெஷினில் ஊசி இறங்கும் இடத்தில் வைக்காமல் தலையில் வைப்போம், அவ்வளவுதான் வித்தியாசம்.

9. அவசரம் எதற்கு என்று தாங்கள் கேட்கலாம். வாடகை ஒப்பந்தம் முடிவதால் திங்கட்கிழமை காலை கம்பெனிக்காரர்கள் அந்தப் பெட்டியை ஏற்றிக்கொண்டு போய்விட்டு, புதிதாக ஒன்றை வைக்கிறார்களாம். புதிய பெட்டி ஒழுங்காக ஓடும். அப்போது என்ன பேசுவார்கள் என்று எனக்கு இப்போதே கேட்கிறது: சிவானி போனாள், கோளாறும் கூடவே போனது என்பார்கள். பழைய பெட்டி எங்கோ ஒரு கிடங்கில் கழுவித் துடைத்து வேறு யாருக்கோ போய்விடும். என் பேத்தி மேல் ஒட்டியதை மட்டும் எந்தக் கிடங்கிலும் கழுவ முடியாது. அவளுக்கு இருபத்து மூன்று வயதுதான் ஆகிறது.

நான்காவது பத்தியில் எழுத மறந்தது ஒன்று: திரு. சரத் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. பதுருன்னிசா அம்மா விழுந்ததில் அவரும் பயந்துபோயிருக்கிறார். பயத்தில் கையில் அகப்பட்ட ஆளைப் பிடித்துக்கொண்டார். அவரை ஏதும் செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

நான் கேட்பது இவ்வளவே:

திங்கட்கிழமைக்கு முன், யாரும் துடைப்பதற்கு முன், தாங்கள் தங்கள் கண்ணால் அந்த இடது பக்கத் துளையைப் பார்க்க வேண்டும். கைப்பேசி வெளிச்சமே போதும், குனிய வேண்டியிருக்கும்.

பார்த்த பிறகு அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற வேண்டும். தனியாகக் கூப்பிட்டுச் சொல்வது போதாது. பூஜையன்று அந்த அறையில் கைதட்டியவர்கள் எல்லாரும் இருக்கும்போது சொல்ல வேண்டும்.

மருத்துவமனையில் இருந்து வந்த பதுருன்னிசா அம்மாவிடம், அந்தப் பிள்ளைமேல் தவறில்லை என்று தாங்களே போய்ச் சொல்ல வேண்டும். அவருக்கு அது ஏற்கெனவே தெரியும். இருந்தாலும் தாங்கள் சொல்வது வேறு.

அடுத்த ஆண்டும் ஆயுத பூஜை நடக்க வேண்டும். பொட்டைப் பெட்டியின் மேல் தகட்டில், ஒரு வெற்றிலையை வைத்து அதன்மேல் வைக்கலாம். எங்கே வைப்பது என்று சிவானியிடம் கேட்டு வைக்கலாம்.

ஐயா, நாளை ஞாயிற்றுக்கிழமை. அலுவலகம் மூடியிருக்கும், ஏர்கான் ஓடாது, மழையும் விடுவதாக இல்லை, சமையல் மட்டும் உண்டு. சிவானி அட்டையால்தான் அறையைத் திறப்பாள், அதை வாங்கிவிட்டார்கள்; அறைச் சாவி திரு. சரத்திடமும் தங்களிடமும்தான் இருக்கிறது. தாங்கள் மட்டும் உள்ளே போய், அறை விளக்கைப் போடாமல், பெட்டியின் பின்பக்கம் அந்தப் பச்சை விளக்கைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்காருங்கள். அது அணையும். சிவானி அப்போது புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் வீட்டில், தன் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு இருப்பாள்.

நான் எதிரே இருக்கும் காப்பிக்கடையில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே வர மாட்டேன், கேள்வி கேட்க மாட்டேன். தாங்கள் வெளியே வரும்போது தங்கள் முகத்தைப் பார்த்தால் எனக்குப் போதும்.

தங்கள் நேர்மையை நம்பி,

மங்களம் வேலாயுதம்
(கையொப்பம்)

இடம்: புக்கிட் பாஞ்சாங்
நாள்: 22 நவம்பர் 2025